புதினாப் புகையும் கந்தசட்டி விரதமும்

நான் மயங்கி விழுந்தது கோவில் கழிப்பறையில். கந்தசட்டியின் நான்காம் நாள், மதியப் பூசை தொடங்கும் நேரம். என் வலக்கையில் வேப் இருந்தது. சிகரட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கும், பற்றரியில் ஓடும் அந்தச் சின்னக் குழாயை விழுந்த பிறகும் விடாமல் பிடித்திருந்தேனாம். கதவைத் திறந்தவர்கள் முதலில் பார்த்தது அதைத்தான்.

தண்ணீரும், நாளுக்கு ஒரு தடவை பாலும் மட்டுமே எடுக்கிறேன் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு விரதம் இருந்தேன். அந்த நான்கு நாளும் வேப்பை விடவில்லை. அது சாப்பாடு இல்லை, நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, வெறும் ஆவி. ஆவிக்கு விரதத்தில் தடை இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். ஐம்பத்தெட்டு வயது மனிதனின் மூளை ஒரு பழக்கத்துக்காக எவ்வளவு கேவலமாக வக்கீல் வேலை பார்க்கும் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சிகரட்டை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு சட்டைப்பையில் இதை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என்மேல் பரிதாபம் வேண்டாம். சிரித்தால் போதும்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. சிகரட் காலத்தில் எனக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மனைவி பவானியின் தகப்பனார் எங்களோடு இருந்தபோது, பெரியவர் மூக்கில் மணம் படக்கூடாது என்று தொடங்கியது. அவர் காலமான பிறகும் அது மாறவில்லை. கீழே இறங்கிச் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால், முகத்தை அறையும் காற்றில் நின்று பற்றவைப்பேன். திரும்பும்போது முதல் மாடிப் படித்தட்டில் நின்று ஒரு கராம்பைக் கடித்து, ஜாக்கெட்டைக் கழற்றி உதறி, மணம் போக இரண்டு நிமிடம் காத்திருப்பேன்.

இத்தனை கூத்துக்காகவே ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் புகைக்க முடியவில்லை. குளிரும் வெட்கமும் எனக்குக் காவல் இருந்திருக்கின்றன. அது அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் வேப்புக்கு மாறினேன். மணமில்லை. புதினா வாசம் வந்தாலும் பல் தீட்டியிருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். காரில் இழுத்தேன். குளியலறையில் இழுத்தேன். போர்வைக்குள் இழுத்தேன். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் துணி அடுக்கும் அறைக்குள், மூச்சுக் கருவியோடு படுத்திருக்கும் ஒருவருக்குக் கட்டில் விரிப்பு எடுக்கப் போன இடத்தில் இழுத்தேன்.

சிகரட்டை விட்டதற்கு வேலையிடத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். அங்கே ஒரு பிறந்தநாள் விழாவில் மன உறுதியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கைதட்டல் ஓய்ந்ததும் கார்த் தரிப்பிடத்துக்குப் போய் இழுத்தேன்.

குடும்ப வைத்தியர் வருடாவருடம் "புகைக்கிறீர்களா?" என்று கேட்பார். "இல்லை" என்பேன். பொய் சொல்கிறேன் என்ற எண்ணமே இல்லை. இருமலுக்கு ஹீற்றரைக் குற்றம் சொன்னேன். படியேறும்போது இரைத்தால் வயதைக் குற்றம் சொன்னேன். புகைக்காதவனின் நுரையீரலை யார் சோதிக்கப் போகிறார்கள்? நான்கு வருடம் அப்படியே போயிற்று.

ஆஸ்பத்திரியில் என் பொருள்களை உள்ளே இருப்பது தெரியும் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார்கள். கைத்தொலைபேசி, கடதாசியில் மடித்த திருநீற்றுச் சரை, வேப். மூன்றும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. டென்மார்க்கில் பிறந்த என் மகள் நிலா அந்தப் பையைப் பார்த்து டேனிஷில் "பின்லிட்" என்றாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஸ்பைரோமெட்ரி (மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் ஊதற் சோதனை) செய்தார்கள். தாதி "ஊதுங்கள், ஊதுங்கள், இன்னும், இன்னும்" என்று கத்தினாள். எனக்கு ஊத ஒன்றும் மிஞ்சவில்லை.

"மயக்கத்துக்குக் காரணம் வெறும் வயிற்றில் இவ்வளவு நிக்கோட்டின் (பழக்கத்தைப் பிடித்துவைக்கும் புகையிலைப் பொருள்)" என்றார் வைத்தியர். என் மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். "அது சின்ன விஷயம். பெரியது உங்கள் கோல் (சிஓபிடி என்பதன் டேனிஷ்ப் பெயர்; காற்றுப்பாதைகள் சுருங்கி, மறுபடி முழுதாகத் திறக்காத நோய்). அது சிகரட் காலத்தில் தொடங்கியிருக்கும். இப்போது பாதி மூச்சுத்தான் இருக்கிறது. முன்பே சோதிக்கவில்லையா?"

"நான் புகைக்கிறதில்லை என்று சொல்லியிருந்தேன்."

அவர் கண்ணாடிப் பையைப் பார்த்தார். "போனது திரும்பாது. இதை நிறுத்தினால், இருப்பதை நீண்ட நாள் வைத்திருக்கலாம். நிறுத்தாவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை."

அவர் போன பிறகு பவானியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடுங்கோப்பா" என்றாள். "அந்தக் காலத்தில கராம்பு மணத்தோட வாற மனுசன் பல் வைத்தியரிட்டப் போட்டு வாறார் எண்டு நான் நினைச்சனோ? எல்லாம் தெரியும். சிகரட்டை ஒளிச்சுக் குடிக்கிற மனுசன் அளவாத்தான் குடிப்பார் எண்டு பேசாமல் இருந்தன். இந்தக் குழாய் வந்ததோட, கீழ இறங்கி ஒளிக்கிற தேவையும் இல்லாமல் போச்சு."

முப்பது வருடம் நான் நடித்த நாடகத்துக்கு அவள்தான் ஒரே பார்வையாளர். டிக்கெட் வாங்காமலே கடைசி வரை உட்கார்ந்திருக்கிறாள்.

கொம்யூன் (நகரசபை) நடத்தும் புகைநிறுத்த வகுப்பில் ஒரு தாள் தந்தார்கள். ஒரு நாள் முழுவதும் ஒவ்வொரு இழுப்பையும் கோடு போட்டுக் குறிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டன. அதைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த ஆத்திரத்தில் இன்னும் ஒரு தடவை இழுத்தேன்.

பிறகு நிக்கோட்டின் ஒட்டு (தோலில் ஒட்டும் மருந்துத் துண்டு) தந்தார்கள். உடம்பின் தவிப்பு மூன்று மாதத்தில் அடங்கியது. கை அடங்கவில்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றால் கை பைக்குள் போகும். ஒருநாள் வேலையிடத்தில், எந்தத் தேவையும் இல்லாமல், பேனையை வாயில் வைத்தபடி கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு நாள் குளிர்கால ஜாக்கெட்டுக்குள் பழைய வேப் ஒன்று அகப்பட்டது. பற்றரி செத்துப் போயிருந்தது. அது தெரிந்துகொண்டே வாயில் வைத்து இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தேன். அன்றைக்கு என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அதைத் தூக்கி எறிந்தது மன உறுதியால் அல்ல, அந்த அருவருப்பால்தான். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் அதை வீணாக்காதீர்கள்.

விட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. காலையில் கபம் குறைந்திருக்கிறது. சோதனையில் மூச்சு கூடவில்லை, குறையவும் இல்லை. வைத்தியர் இதை நல்ல செய்தி என்கிறார். ஒரு காலத்தில் பக்கத்துக் கடைக்குப் போய்வர ஒரு சிகரட் நேரம் என்று கணக்குச் சொல்வேன். இப்போது அதே தூரம் எனக்கு மூன்று தடவை நின்று மூச்சு வாங்கும் கணக்கு.

வேலை முடிந்து வந்து படியேறுகிறேன். முதல் மாடிப் படித்தட்டில் நிற்கிறேன். அதே மூலை, அதே இரண்டு நிமிடம். முன்பு மணம் போகட்டும் என்று நின்றேன். இப்போது மூச்சு வரட்டும் என்று நிற்கிறேன்.

மேலே கதவு திறக்கும் சத்தம். "வந்திட்டியளோ?" என்கிறாள் பவானி.

ஓம் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கும் காற்று வேண்டியிருக்கிறது. அது சேரும்வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.