சீமை எலிக்குப் பேறுகாலம் பார்த்தவள்

கீரைக்கட்டை உதறும் சரசரப்பு. உடனே மரக்கூண்டுக்குள்ளிருந்து 'வீக், வீக்' என்று ஒரு மெல்லிய சீழ்க்கை. வெள்ளைக்காரர் காலத்தில் கேட்ட சத்தங்கள் இவை. இன்றும் யாராவது அடுக்களையில் கீரை ஆய்ந்தால், இரண்டாவது சத்தத்துக்காக என் காது காத்திருக்கிறது.

ஓர் உயிரைக் கவனித்துக்கொள்ளும் உத்தியோகத்தில், கவனிக்கப்படும் அந்த ஜீவனைத் தவிர மற்ற எல்லோரும் நமக்கு யோசனை சொல்வார்கள். மாமியாருக்கோ மாட்டுக்கோ மேலதிகாரிக்கோ பணிவிடை செய்து அலுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான் கல்லூரியில் பிராணி சாஸ்திரம் படித்தவள். யாரும் கேட்காமலே கொஞ்சம் கவிதையும் எழுதிக்கொண்டிருந்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், பூந்தமல்லிக்கு வெளியே ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியின் சோதனைச்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. கவிதைக்கு அங்கே இடமில்லை. கினிபிக் என்ற, வாலில்லாத எலி போன்ற பிராணிக்கு இருந்தது.

பெயர் வைக்காதே

நோயாளிக்கு க்ஷயரோகம்தானா என்று சந்தேகம் வந்தால், அவருடைய சளியைக் கினிபிக்குக்கு ஊசியில் ஏற்றிப் பார்ப்பது அந்தக் கால வழக்கம். நோயாளிக்குச் சந்தேகம் தீரும். கினிபிக்குக்கு ஆயுள் தீரும். யுத்தத்தில் கப்பல்களுக்கு வேறு வேலை வந்துவிட்டதால் புதிய கினிபிக்குகள் வருவது நின்றுபோனது. எங்களிடம் மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி. அதில் பெண் சினையாக இருந்தது. அதன் குட்டிகளை நம்பித்தான் சோதனைச்சாலையே என்றார் டாக்டரம்மா. அவர் இங்கிலாந்துக்காரர், தமிழை வேதபுத்தகத்தில் கற்றவர். பிரசவம் தவறினால் அறையைப் பூட்டி என்னையும் வீட்டுக்கு அனுப்ப நேரிடும் என்று மிக இனிமையாகச் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். பிராணிக்குப் பெயர் வைக்கக் கூடாது. வைத்தால் ஊசி போடும்போது கை நடுங்கும். இதைச் சமையல்காரர் ஏசடியானிடம் சொன்னேன். சமையற்கட்டில் அதற்குச் சீமை எலி என்று பெயர். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மாசமா கீறவள 'ஏய்'னா கூப்புடுவாங்க? தாயம்மான்னு கூப்புடு. திரும்பிப் பாக்குதா இல்லியா பாரு."

பலகை

டாக்டரம்மாவின் புத்தகத்தில் கர்ப்பிணிக்கான விதிகள் இருந்தன. அதைத் தூக்கக் கூடாது. அதன் அருகில் பாத்திரம் உருட்டக் கூடாது. காரட், பச்சைக் கீரை, ஆரஞ்சு, பாலில் நனைத்த ரொட்டி, மத்தியானத்தில் ஓய்வு. ஒரு பலகையில் 'கர்ப்பிணி. பாரம் கூடாது. அசைக்காதீர்கள்' என்று நானே முத்து முத்தாக எழுதிக் கூண்டின்மேல் மாட்டினேன். என் எழுத்து பொதுமக்கள் பார்வைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அதன் முதல் வாசகி கன்னியம்மா. கிணற்றிலிருந்து வார்டுகளுக்கெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பவள். குமணன்சாவடியிலிருந்து நடந்து வருவாள். புருஷன் ஆவடியில் பட்டாளத்துக் கூலிவேலைக்குப் போய்விட்டான். அவளும் முழுகாமல்தான் இருந்தாள். முந்தின இரண்டும் அவளுக்குத் தங்கவில்லை. இரண்டு தடவையும் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தபோதே போய்விட்டது. இடுப்புக் குடத்தை இறக்காமலே நின்று, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"எனுக்கும் ஒண்ணு எழுதிக் கய்த்துல மாட்டி வுடுக்கா."

கப்பல் வராத சரக்கு

நான் டாக்டரம்மாவிடம் போனேன். கன்னியம்மாவுக்குப் பிள்ளை பிறக்கும்வரை உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள், துணி மடிப்பதுபோல் ஏதாவது, என்றேன். அவர் கெட்டவர் அல்ல. கத்தியைத் தொடுமுன் ஜெபிப்பார். இறந்த நோயாளிகளுக்காக அழுவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பொறுமையாகவே எனக்கு விளக்கினார்.

"அவள் போனால் வேறொருத்தி வருவாள், குமாரத்தியே. இது போனால் கப்பல் அல்லவா வரவேண்டும்?"

வெந்த கீரை

இரண்டு வாரம் சுரம் வந்து நான் வீட்டில் படுத்துவிட்டேன். திரும்பி வந்து கூண்டருகே நின்றபோது ஏதோ குறைந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகுதான் உறைத்தது: சீழ்க்கை இல்லை. தாயம்மா மூலையில் பந்தாகச் சுருண்டிருந்தாள். பின்னங்கால்களை இழுத்து இழுத்து நகர்ந்தாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. பச்சைக் காய்கறி கிடைக்காத மாலுமிகளுக்கு வரும் நோய் என்று கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. ஆனால் தினமும் கட்டுக் கட்டாகக் கீரை வருகிறதே?

வரத்தான் வந்தது. நான் இல்லாத நாட்களில் ஏசடியான் அதை வாங்கி, பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டுக் குழைய வேகவைத்து, ஆறவைத்து, வாழையிலைத் துண்டில் பரிமாறிக்கொண்டிருந்தார். பச்சையாகத் தின்றால் குளிர்ச்சியாம்; வயிற்றுப் பிள்ளைக்குச் சளி கட்டுமாம். ஆரஞ்சையும் அதே காரணத்துக்காக நிறுத்தியிருந்தார். வெந்ததில் அந்த ஜீவனுக்கு வேண்டிய சத்தெல்லாம் அழிந்துவிட்டது. நெல்லிக்காயை இடித்துச் சாறு பிழிந்து, சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். பச்சைக் கொத்துமல்லியை அதன் முகத்தருகே ஆட்டினேன். நாலைந்து நாள் கழித்து ஒரு 'வீக்' கேட்டது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஏசடியானுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"எங்க ஊட்ல ஏழு பேறுக்கும் இதான் குட்த்தேன். அதுங்க எதுவும் சீமைலேர்ந்து வரல, அதான் தாங்கிச்சி போல."

காவல்

இந்தச் சமயத்தில் வேலியோரம் ஒரு கீரி தென்பட்டது. பகலெல்லாம் கூண்டருகே ஆள் உட்கார வேண்டும் என்று டாக்டரம்மா உத்தரவிட்டார். எலிக்குக் காவல் இருப்பதா என்று தோட்டக்காரர் தலைப்பாகையைக் கழற்றி உதறிக் கட்டிக்கொண்டார். வாட்ச்மேனுக்குத் திடீரென்று முதுகுவலி வந்தது. நான் கன்னியம்மாவின் பெயரைச் சொன்னேன். தண்ணீரை யார் சுமப்பது என்றார் டாக்டரம்மா. "அதற்கு வேறொருத்தி வருவாள் அம்மா. இதற்குத்தான் கப்பல் வராது," என்றேன். தான் சொன்னதையே பிறர் வாயில் கேட்டால் பெரியவர்களுக்கு அது ஞானமாகப் படும். சம்மதித்துவிட்டார்.

தான் பிறந்ததிலிருந்து அப்படி உட்கார்ந்ததில்லை என்றாள் கன்னியம்மா. பலகைக்குக் கீழே பாய் போட்டு, காலை நீட்டி, கீரி வந்தால் அடிக்க ஒரு விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாள். அவள் முகத்தில் சதை வைக்கத் தொடங்கியது. கர்ப்பிணிக்கென்று வரும் ஆரஞ்சுகளும் மிச்சமில்லாமல் தீர்ந்தன. கேட்டேன்.

"அதுக்குத் தோலு புடிக்குது, எனுக்குச் சொள புடிக்குது. எங்குளுக்குள்ள சண்டையே இல்லக்கா."

பிள்ளை முகம்

கன்னியம்மாவுக்கு எட்டாம் மாதம் நடக்கும்போது, ஒரு காலையில் தாயம்மா மூன்று குட்டிகள் ஈன்றாள். கண் திறந்து, முழு மயிரோடு, பிறந்த சிறிது நேரத்தில் கொத்துமல்லி கடிக்கத் தொடங்கிய குட்டிகள். டாக்டரம்மா கர்த்தரைத் துதித்தார். கையோடு, பலகையைக் கழற்றச் சொன்னார். நாளைக் காலையிலிருந்து கன்னியம்மா கிணற்றடிக்குத் திரும்ப வேண்டும் என்றார். கன்னியம்மா பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். முந்தின பிள்ளை போனதும் எட்டாம் மாதத்தில்தான்.

அன்று மத்தியானம் ஏசடியான் குட்டிகளைப் பார்க்க வந்தார். பக்கத்துக் கூண்டில் அந்த ஆண் கம்பியைக் கடித்துக்கொண்டு நின்றது. சினை தெரிந்ததுமே அதைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தோம். பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போனால், குழந்தை பிறந்த சேதி கேட்டு மாப்பிள்ளை வந்து பிள்ளை முகம் பார்ப்பதுதானே முறை? ஏசடியான் முறை தவறாதவர். இரண்டு கூண்டுக்கும் நடுவிலிருந்த தட்டியைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈன்ற அன்றே மறுபடியும் சினை பிடிக்கிற ஜாதி அது. நான் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விளக்குமாற்றோடு நின்ற கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எம் புருசன் ஆவடிலேர்ந்து வந்து மூஞ்சி காட்டல. இதப் பாரு, பக்கத்தூட்லேர்ந்து இன்னா அவ்சரமா வருது!"

மறுபடியும் பலகை

டாக்டரம்மா முகம் சிவந்து, ஏசடியானை நோக்கி வேதபுத்தகத்தில் இல்லாத இரண்டு தமிழ் வார்த்தைகள் சொன்னார். அவற்றை எங்கே கற்றார் என்று தெரியவில்லை. "அப்பன் புள்ளயப் பாக்க வரதுகூடத் தப்பா அம்மா?" என்றார் ஏசடியான். பிறகு டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். சினை பிடித்திருக்குமா என்று கேட்டார். பிடித்திருக்கும் என்றேன். வேலியைப் பார்த்தார்; கீரி இன்னும் பிடிபடவில்லை. குட்டிகளைப் பார்த்தார். மூலையில் சுருட்டி வைத்த பாயையும் அதன் பக்கத்தில் நின்றவளையும் பார்த்தாரா என்று என்னால் சொல்ல முடியாது.

"பலகையை மாட்டு. அவளை உட்காரச் சொல்."

ஊரெல்லாம் கூடி ஓர் எலிக்குப் பேறுகாலம் பார்த்ததில் நடுவே ஒரு மனுஷிக்கும் உட்கார இடம் கிடைத்தது என்பதே என் பட்டப்படிப்பு கண்ட பயன். குட்டிகள் வளர்ந்து ஊசி அறைக்குப் போயின, தாயம்மா இரண்டாம் பேற்றில் செத்துப்போனாள், கன்னியம்மாவின் மகள் பிழைத்தாள்.