இரண்டாவது பந்தியும் இன்டர்நெட் போனும்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடி ஒன்றில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், அஞ்சு நாற்காலி. அஞ்சாவது நாற்காலி வல்லுநருக்கு. வல்லுநர் நான்தான். மூன்று வாரம் ஒரு புத்தகத்தைப் புரட்டியதில் கிடைத்த பதவி. கடைசி இரண்டு அத்தியாயங்களை இன்றுவரை படிக்கவில்லை.

ஆனால் விளக்கம் சொல்வதில் ஆர்வம் ஜாஸ்தி. வெப் பக்கம் எப்படி வருகிறது என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் போதும். "கவுன்டர்ல கேக்கற மாதிரிங்க. இன்ன பக்கம் வேணும்னா எடுத்துக் குடுத்துடும். மறுபடி போய் நின்னா, நீ யாருன்னு கேக்கும்" என்பேன். மெயில் என்றால், "அவங்க ஊர் பெட்டியில போய் உக்காந்துக்கும். அவங்க தொறக்கற வரைக்கும் அசையாது."

அந்தப் பெட்டியை வாரம் தவறாமல் வந்து திறக்கிறவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவையும் கூட்டிவந்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். தோளில் துண்டு, முகத்தில் கடுப்பு.

விஷயம் இதுதான். அவளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். தாய்மாமன் சிங்கப்பூரில். வரமாட்டேன் என்கிறார். அவள் தம்பியின் காதுகுத்தில் அவரை இரண்டாவது பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களாம். தாய்மாமனுக்கு இரண்டாவது பந்தி என்றால் சும்மாவா? அதற்குப் பிறகு மாமனும் மச்சானும் மூன்று முறை போனில் பேசினார்கள். மூன்று முறையும் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை. தன் தம்பி வந்து சீர் வைக்காவிட்டால் மணமேடைப் பக்கமே வரமாட்டேன் என்று அம்மா படுத்துவிட்டார். பெண்தான் மெயில் மேல் மெயில் போட்டு, நம் நேரம் பதினொரு மணிக்கு மாமாவை அங்கே ஒரு சென்டரில் உட்காரச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"போன்லயே சண்டைதான் வருது தம்பி. இதுல மட்டும் என்னா வந்துடப் போவுது?" என்றார் அப்பா.

வல்லுநருக்கு வேலை வந்துவிட்டது. "போன்னா உங்களுக்குன்னே ஒரு பாதைய ஒதுக்கி வச்சிடுவாங்கய்யா. இது அப்படி இல்ல. உங்க பேச்சைப் பொடிப்பொடியா நறுக்கி, ஒவ்வொரு துண்டுலயும் விலாசம் எழுதி விட்டுடும். பௌர்ணமிக்கு ஒரே வேன்ல வந்து எறங்கறாங்க இல்ல, அந்த மாதிரி. ஒண்ணாதான் மலை சுத்தக் கெளம்புவாங்க. கும்பல்ல பிரிஞ்சு ஆளுக்கொரு நேரத்துல வந்து சேருவாங்க."

"தொலைஞ்சு போனவங்க?"

"மெயிலா இருந்தா, வராததை மறுபடி அனுப்பச் சொல்லி, எல்லாம் சேர்ந்தப்புறம்தான் வேனை எடுக்கும். பேச்சுக்கு ஏதுங்க அவ்ளோ நேரம்? வந்தவங்களை ஏத்திக்கினு கெளம்பிடும்."

"அப்ப நான் பேசறதுல கொஞ்சம் தொலைஞ்சு பூடும்."

"நல்லதாப் போச்சு" என்றாள் மகள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. என் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு மலிவு சரக்கு. ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் அதற்கு வராது. பேசும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். அந்தப் பொறுப்பை வல்லுநரே ஏற்றுக்கொண்டார்.

அழைப்பு கிடைத்தது. ஹெட்போனை அவருக்கு மாட்டி, மகளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் வைத்தேன். பட்டனை அழுத்தினேன்.

"நல்லா இருக்கியா மச்சான்?"

பட்டனை விட்டேன். பதில் இல்லை.

"பாத்தியா, வாயத் தொறக்கல. திமிரு."

"ஐயா, நீங்க கேட்டது இன்னும் போயே சேரலைங்க."

"நல்லா இருக்கேன் மாமா" என்றது சிங்கப்பூர், பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல. "ஆனா அந்த ரெண்டாவது பந்திய என்னால மறக்க முடியல."

அப்பா எழுந்தே விட்டார். ஹெட்போன் கம்பி இழுத்துக்கொண்டு நின்றது. நான் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். விரல் பட்டனுக்கு மேலே ஒரு அங்குலத்தில் நின்றது. கை நழுவிவிட்டது என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். நழுவவில்லை.

"மொதப் பந்தியில உக்காரணும்னா மொத பஸ்ஸுல வரணும். இலை போட்டப்புறம் வந்துட்டு, ரோஷம் மட்டும் முன்னாடி வருதா உனக்கு? உங்க அக்காவக் கட்டுன நாள்லேர்ந்து உன்னை மாப்பிள்ளை மாதிரி தாங்கிக்கினு கெடக்கறேன்..." இப்படி ஒரு நிமிடம். அதில் ஒரு துணுக்குகூட என் மாடிப்படியைத் தாண்டவில்லை. அங்கே தாய்மாமன், இன்டர்நெட் என்றால் தாமதம்தானே என்று பொறுமையாகக் காத்திருந்தார்.

பெண் என் விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

கொட்டி முடித்ததும் அப்பா உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். துண்டால் முகம் துடைத்தார். உள்ளே எதுவும் மிச்சமில்லை.

"சொல்லிட்டேன். என்னா சொல்றான் இப்ப?"

"கடைசியா ஒண்ணு சொல்லிடுங்கய்யா" என்று பட்டனை அழுத்தினேன்.

"தப்பு எங்க மேலயும் இருக்குது மச்சான். உங்க அக்கா சரியா சாப்புடறதுகூட இல்ல. வந்துடுப்பா."

விட்டேன். இந்த முறை திமிர் என்று சொல்லாமல் அவரும் காத்திருந்தார்.

"வரேன் மாமா."

கல்யாணத்தில் எனக்கு முதல் பந்தியிலேயே இடம். இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அப்பா குனிந்து காதோடு சொன்னார்: "அன்னைக்கு அவனை அவ்ளோ கேள்வி கேட்டேன், ஒரு வார்த்தை எதுத்துப் பேசல தம்பி. பெரிய மனசு அவனுக்கு."

அவர் நகர்ந்ததும், பக்கத்து இலையில் இருந்த தாய்மாமன் திரும்பினார். "தம்பி, மாமாவ முரடர்னு நெனச்சிருந்தேன். பந்தி விஷயத்த எடுத்ததும் மனுஷனுக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல. உருகிட்டாரு."

"இன்டர்நெட்ல அப்படித்தாங்க" என்றேன்.

மணமேடையிலிருந்து மணப்பெண் என்னைப் பார்த்தாள். மாலைமேல் வைத்திருந்த ஆள்காட்டி விரலை ஒரே ஒரு முறை, ஒரு அங்குலம் தூக்கினாள். நான் பாயசத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.