கியர் பெட்டி ஒழுக வேண்டும் என்று துஆக் கேட்டவன்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி போக வேண்டும். தலை நரைத்துப் பேரப்பிள்ளை கண்ட பிறகும் நான் இருப்பது மனைவியின் வீட்டில்தான். என் காரை நிறுத்துவதும் வீட்டைச் சுற்றியுள்ள அவளுடைய வளவில்தான். வளவு முழுக்கக் கடல் மணல். சுபஹ் தொழுத கையோடு அவள் ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்தால் மணலில் வரிவரியாகக் கோடு விழும்வரை ஓயமாட்டாள். அதற்குப் பிறகு அதில் கோழி நடந்தாலும் ஏச்சு, நான் நடந்தாலும் ஏச்சு.

ஒருநாள் காலை, கூட்டி முடித்து வந்தவள் தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இஞ்சேருங்க, மெய்யச் சொல்லுங்க. திரும்பவும் வெத்தில போடுறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வாயின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படை இருப்பதைப் பல் டொக்டர் கண்டுபிடித்து, இனி வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் மறந்துவிடுங்கள் என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றே விட்டேன். விடுவது லேசான காரியமாக இருக்கவில்லை. என் செருப்புக் கடையில் சும்மா இருக்கும்போது கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். அவளுடைய வாப்பா, அதாவது என் மாமனார், வாய்ப் புற்றுநோயில்தான் மௌத்தானார். அதனால் அவள் கேட்டதில் பிழையில்லை. ஆனால் கேட்ட விதம், திருடனைப் பிடித்து வைத்துக் கேட்பதுபோல் எனக்குப் பட்டது.

"ஆரு சொன்ன?"

"மணல் சொல்லுது. கார்ட முன்பக்கம், நீங்க கதிர போட்டு இரிக்கிற இடத்துல, செவப்புச் செவப்பாக் கிடக்கு. இண்டைக்கு நேத்தைக்கு இல்ல. நானும் ஒண்டும் கதைக்காம அள்ளி அள்ளிக் கொட்டுறன்."

செருப்புக் கடையைப் பூட்டிவிட்டு வந்தால், கடற்காற்று வாங்க நான் கதிரை போடும் இடம் அதுதான். வெற்றிலை போட்ட காலத்தில் துப்பிய இடமும் அதுதான். எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தேன். என்னத்தைப் பார்ப்பது? நனைந்த மணலைச் சிரட்டையால் அள்ளி வேலிக்கு அப்பால் வீசி, மேலால் கூட்டி, கோடும் போட்டுவிட்டாள். சாட்சியும் அவள், நீதவானும் அவள், தடயத்தைக் கூட்டி எறிந்ததும் அவள்.

"வல்லாஹி, நான் தொடவே இல்ல புள்ள."

"வெத்திலைக்கெல்லாம் அல்லாஹ்ட பேர இழுக்காதீங்க. ஓம் எண்டு சொல்லுங்க. நான் ஏசமாட்டன்."

"போடாதத எப்பிடிப் போட்டன் எண்டு சொல்ற?"

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போட்ட காலத்தில் ஏலக்காயை மென்றுவிட்டு வந்து நின்றால் நம்பினாள். வாய் சுத்தமாக இருக்கும்போது நம்பமாட்டேன் என்கிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான் போலும்.

அந்தக் கோபத்தோடேயே காரில் ஏறினேன். பழைய ஜப்பான் கார். முழங்கால் வலியில் கிளச் மிதிக்க ஏலாமல் போனதால் ஓட்டோ கியராகப் பார்த்து வாங்கியது. ரிவேர்ஸில் போட்டேன். கார் உறுமியது, யோசித்தது, பிறகுதான் ஒரு உதறு உதறிப் பின்னால் போனது. சில கிழமைகளாகவே இந்த யோசனை இருந்தது. வயது போனால் அப்படித்தான், நானும் தொழுகையில் ஸுஜூதிலிருந்து எழும்ப யோசிக்கத்தானே செய்கிறேன் என்று விட்டிருந்தேன். அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. மணலில் சிவப்பு, காரில் சுணக்கம். இரண்டும் ஒரே காலத்தில் வந்தவை.

நேரே கராஜுக்கு விட்டேன். எனக்குப் பழக்கமான மெக்கானிக் மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால் கராஜ் வைத்திருப்பவர். எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கியர் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார். கம்பியின் நுனியில் மட்டும்தான் ஈரம்.

"ஒயில் குறைஞ்சிட்டுது காக்கா. எங்கயோ ஒழுகுது."

"என்ன நிறம்?"

"ஓட்டோ கியர் ஒயில் சிவப்புத்தானே. இது பழசு, கறுத்த சிவப்பு."

அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். பழுது என்று கேட்டு வாயெல்லாம் பல்லாக நின்ற வாடிக்கையாளரை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார். ஸ்டியரிங்குக்கும் சிவப்பு ஒயில்தான் என்று அதையும் திறந்து பார்த்தார், அது குறையவில்லை. குறைந்த ஒயிலை நிரப்பி, அடிப்பக்கத்தைக் கழுவித் தந்து, கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு இரவில் அடியில் காட்போட் மட்டையை விரித்து வையுங்கள் என்றார். நடுவில் விழுந்தால் பெட்டியின் அடித்தட்டு, முன்னால் விழுந்தால் ஒயிலைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குப் போகும் குழாய். உப்புக் காற்றில் குழாய்கள் துருப்பிடிப்பது இந்தக் கரையில் சகஜமாம்.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. காரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கதைப்பது என்று வீறாப்பு. பின்னேரம் காரைச் சம்மாந்துறைவரை ஓட்டினேன். நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்களுக்குப் பின்னால் ஊர்ந்து போய்த் திரும்பி வந்து, செருப்புப் பெட்டிகள் வரும் பெரிய மட்டை ஒன்றை விரித்துக் காருக்கு அடியில் தள்ளினேன். கதவோரத்தில் நின்று பார்த்தவள், "துப்புறதுக்கு மட்டையும் போட்டாச்சா?" என்றாள். அது கேலியா அழுகையா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

காலையில் மட்டையைக் காணவில்லை. ஒரு மூலை மட்டும் மிச்சம். பக்கத்து வீட்டு ஆடு வேலி ஓரத்தில் நின்று மீதியை மென்றுகொண்டிருந்தது. என்னை நிரபராதி என்று காட்டவிருந்த ஒரே அத்தாட்சி அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆட்டோடு வழக்குப் பேச முடியுமா?

அடுத்த இரவு, ஆடு நுழையாமல் வேலிப் படலையை இறுக்கிக் கட்டினேன். செருப்புப் பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தாள்களை அடுக்கி, பறக்காமல் கல் வைத்தேன். இஷாத் தொழுகைக்குப் பிறகு துஆவுக்குக் கையேந்தி, "யா அல்லாஹ், என் கியர் பெட்டியை ஒழுக வை" என்று மனமுருகக் கேட்டேன். பள்ளிவாசலில் அன்று இப்படிக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

சுபஹ் முடிந்து பள்ளியிலிருந்து வந்தபோது அவள் விளக்குமாற்றோடு காரடியில் நின்றாள். கூட்டவில்லை. குனிந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தாளில், ரேடியேட்டருக்கு நேர் கீழே, சிவப்புத் துளிகள் விழுந்து பரவியிருந்தன. குழாய்தான். என் நெஞ்சு நிமிர்ந்தது.

"தொட்டுப் பாரு."

ஒரு விரலால் தொட்டாள். மற்ற விரலோடு சேர்த்துத் தேய்த்தாள். வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"எண்ண வாட வருது."

"கார்ட கியர் ஒயில். கேட்டியா? கார்தான் துப்பியிரிக்கி, நான் இல்ல."

சொல்லவென்று நான் இரண்டு நாளாக அடுக்கி வைத்திருந்த பேச்சு இன்னும் நிறைய இருந்தது. அவள் நிற்கவில்லை. விளக்குமாற்றை மணலிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் போகிறாள் என்று நினைத்து, விடாமல் பின்னால் போனேன். அறைக்குள் சாய்ந்தமருதில் இருக்கும் அவளுடைய ராத்தாவோடு, மூத்த சகோதரியோடு, போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். வாசலோடு நின்றுவிட்டேன்.

"ராத்தா, கார் ராத்தா! அல்ஹம்துலில்லாஹ், கார்தான் பழுதாம்!" அழுதுகொண்டே சிரித்தாள். "வாப்பாவும் இப்பிடித்தானே வளவுக்குள்ள துப்பிக்கிட்டு இரிந்தார். வெத்தில எண்டு நெனச்சிட்டு இரிந்தமே ராத்தா, அது ரத்தம் எண்டு தெரியாம. இவரு வெத்தில போடவே இல்ல எண்டு சத்தியம் பண்ணின நேரம் எனக்கு ஈரக்கொல நடுங்கிச்சு. வெத்திலண்டு ஒரு சொல்லுச் சொல்லமாட்டாரா எண்டு இரிந்தன். கையால தொடவும் பயம் ராத்தா, சிரட்டையாலதான் அள்ளினன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நான் வெற்றிலை போட்டிருக்க வேண்டுமே என்று ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள். நான் இல்லை, இல்லை என்று சத்தியம் செய்யச் செய்ய அவள் என்னை மையித்தாக, உயிரற்ற உடலாகக் கண்டிருக்கிறாள். என் நல்ல பெயரைத் தேடி நான் சம்மாந்துறைக்கும் கராஜுக்கும் ஓடிய இரண்டு நாளும் அவள் அதோடுதான் சோறாக்கினாள், கூட்டினாள், தொழுதாள். ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த இரண்டு நாள் இல்லை. என் வீறாப்பை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் போனை வைத்ததும் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அடுக்கி வைத்த பேச்சில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாயை ஆவென்று திறந்து காட்டினேன்.

முதலில் முழித்தாள். பிறகு போனின் வெளிச்சத்தைப் போட்டு, என் நாடியைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கன்னத்தின் உட்புறத்தை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். எனக்கு வாய் வலித்தது. மூடவில்லை.

"சூத்தப் பல்லு ஒண்டு இரிக்கி," என்றாள் கடைசியாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த வெள்ளப் படையும் இல்ல, வேற ஒண்டுமில்ல."