மத் த்யா

மும்பை முலுண்டில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே நேற்று ஒரு பிரச்சார ஆட்டோ வந்து நின்றது. ஒலிபெருக்கியில் 'மத் த்யா, மத் த்யா' என்று மராத்தியில் ஒரே இரைச்சல். ஓட்டுக் கொடுங்கள், அதாவது ஓட்டுப் போடுங்கள் என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனுக்கு எங்கே புரியப்போகிறது, உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளில் தாராவித் தெருக்களில் இந்தி படித்தவர்கள் நாங்கள். மேஸ்திரியும் போலீஸும்தான் வாத்தியார்கள் என்பதால் முதலில் படித்த சொல்லே 'மத்'. உட்காராதே, தொடாதே, இங்கே நிற்காதே, எல்லாவற்றுக்கும் மத். அதே மத் மராத்தியில் ஓட்டு ஆகிவிடும் என்று எவன் கண்டான்!

அப்போது வந்த ஒரு தேர்தலில் தோல் கிடங்கு வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், எங்கள் சந்தின் ஓட்டை மொத்தமாகத் தன் வேட்பாளருக்கு வாங்கித் தருவதாக ஏற்றிருந்தார். வீட்டுக்கு ஓர் எவர்சில்வர் குடம். பதிலுக்குச் சூடத்தில் அடித்துச் சத்தியம். வேலை தேடிக்கொண்டிருந்த நான் தினக்கூலிக்கு அவருடைய வாக்காளர் பட்டியல் குமாஸ்தா. ஜனநாயகத்துக்கு நான் ஆற்றிய முதல் தொண்டு அது.

இட்லி விற்ற பேச்சியக்காவுக்குக் குடம் வேண்டும். அந்த வேட்பாளர் வேண்டாம். போன மழையில் அவளுடைய குடிசையைப் பிரித்துப்போட ஆள் அனுப்பியவரே அவர்தான். ஆனால் சத்தியத்தை மீறினால் சாமி கண்ணைக் குத்தும் என்ற பயமும் நிஜம். அதனால் 'அவுக சொல்லுதபடி செய்வேன்' என்று மட்டும் அடித்துக் கொடுத்தாள். தேர்தலுக்கு முந்தின நாள் என்னிடம் வந்து, மராத்தியில் மத் என்றால் ஓட்டுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

வேட்பாளர் தோற்றார். அண்ணாச்சி மறுபடி சூடத்தோடு வந்தார். தன் ஆளுக்கே ஓட்டுப் போட்டதாகச் சத்தியம் செய்கிறவர்கள் குடத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். சந்தே வரிசையில் நின்று அடித்தது. அத்தனை ஓட்டும் நிஜமாக விழுந்திருந்தால் மனிதர் மந்திரியாகவே ஆகியிருப்பார். பேச்சியக்கா மட்டும் கையை நீட்டவில்லை.

"போடல அண்ணாச்சி. உங்க வண்டிதான நாள் பூரா மத் த்யா, மத் த்யான்னு கத்திச்சு. குடுக்காதன்னு அவுகளே சொல்லுதாக. நான் சொன்னபடி செஞ்சேன்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏன்டே, மத்துன்னா என்னன்னு நீ இவளுக்குச் சொல்லலியா?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

என் பாக்கிக் கூலி போயிற்று, அவள் குடமும் போயிற்று. பழையபடி எண்ணெய் டின்னில் தண்ணீர் பிடித்தாள். யாருக்குப் போட்டாள் என்று சாகும்வரை சொல்லவில்லை. அந்த ஒரு பொய்க்காக என் மேல் எனக்கு இன்றும் கொஞ்சம் மரியாதை உண்டு.

இப்போது குடமும் இல்லை, சூடமும் இல்லை. ஒரு வேட்பாளர் எங்கள் கட்டடம் முழுவதற்கும் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். நம் ஓட்டெல்லாம் அவருக்கே என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கைப்பேசிக் குழுவில் போட்டார். சத்தியம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருப்போமோ என்னவோ. கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

பதினேழாவது விரல் என்னுடையது.