மூஞ்சியை மூஞ்சியாக

மறைந்த என் கணவரின் ஓவியங்களுக்கென்றே அவருடைய அண்ணன் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார். "மூஞ்சிய மூஞ்சியா வரையத் தெரியாதவன்" என்று திட்டி, அவர் வரைந்ததையெல்லாம் ஒரு நாள் கிழித்துப் போட்டவரும் இதே அண்ணன்தான். திறப்பு விழாவில், கண் பிதுங்க வாய் பிளந்து கத்தும் ஒரு சிவப்பு முகத்தின் முன்னால் நின்று போட்டோவுக்குச் சிரித்தார்.

"ஏனுங்க, இது யாருங்க?" என்று ஒரு பெண் அவரிடம் கேட்டாள்.

"ஏதோ ராட்சசன் அம்மணி. எல்லாம் தம்பியோட கற்பனை."

"கற்பனை இல்லீங்க மாமா, நீங்கதான். படத்தையெல்லாம் கிழிச்சுப்போட்டீங்களே, அன்னிக்கு ராத்திரி வரைஞ்சாரு" என்றேன்.

"வாயை மூடுறயா இல்லயா!" என்று கண் பிதுங்கக் கத்தினார்.

கூட்டம் அவரையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குப் பிறகு, அது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கணவருக்கு மூஞ்சியை மூஞ்சியாகவே வரையத் தெரிந்திருந்தது.