ஊறுகாய் வாளியில் வந்த நாகம்

விலங்குத் தோட்டத்தின் பாம்புப் பிரிவில் வேலை பார்த்த பதினொரு ஆண்டுகளில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது பாம்பைக் கொண்டுவந்தால், பாம்பைப் பார்ப்பதற்கு முன் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பேன். விஷப்பாம்பைக் கண்டால் நீங்கள் தொடாதீர்கள், போன் செய்யுங்கள், ஆள் வருவார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் சிலர் கேட்பதில்லை. பெயிண்ட் வாளியில் வரும், தலையணை உறையில் வரும். வழியில் கிடந்தது என்பார்கள். ரகசியமாக வீட்டில் வளர்த்து, அலுத்துப்போய்க் கொண்டுவந்து தள்ளியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பின்வாசலில் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது. கையில் பெரிய ஊறுகாய் வாளி. மூடியைச் சுற்றி அழுத்தி ஒட்டிய டேப். மூடியில், ஆணியைக் காய்ச்சிக் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள். பயத்தில் பாம்பைப் பிடித்தவர் இவ்வளவு நிதானமாகத் துளை போடுவாரா?

“எங்கக்கா கிடைச்சுது?”

“புக்கிட் பாஞ்சாங்ல. எங்க புளோக்குக்குப் பின்னாடி, லோங்காங் சாக்கடைப் பக்கத்துல.”

“நீங்களே பிடிச்சீங்களா?”

“வாளியக் கவுத்தேன்மா. அது பாட்டுக்குக் கிடந்துச்சு.”

இங்குள்ள கருநாகம் கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும். அதனால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, உள்ளறையில் டேப்பை அறுத்து, கொக்கியால் மூடியைத் தள்ளினேன். பாம்பு எழுந்து படம் விரித்தது. படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போல வெளிர்நிறக் குறி. இங்குள்ள நாகத்துக்கு அந்தக் குறி கிடையாது. இது இந்தியாவின் நல்ல பாம்பு, இந்தத் தீவில் தானாக வந்து முளைக்க வாய்ப்பே இல்லை. பாம்பைப் பெட்டிக்கு மாற்றிய பிறகு வாளியைப் பார்த்தேன். அடியில் வைக்கோல். புக்கிட் பாஞ்சாங்கில் வைக்கோல் ஏது?

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: “இது ஒண்ணாத்தான் இருக்குமா, ஜோடியா இருக்குமா?”

இவர் பாம்பு வளர்ப்பவர்தான் என்ற என் சந்தேகம் உறுதியானது. அவரை வெளியே விட வேண்டாம் என்று வாசல் காவலருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, படிவத்தை அவர்முன் வைத்தேன். தொலைபேசி எண்ணை எழுதினார். கிடைத்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“அக்கா, இது இந்தியாவுல இருக்குற பாம்பு. உண்மையச் சொல்லுங்க. வீட்டுல இன்னொண்ணு இருக்கா?”

திருடி என்று சொல்லிவிட்டதுபோல் என்னைப் பார்த்தார். “வீட்டுலயா? பேரப்பிள்ளைங்கள வச்சுக்கிட்டு யாரு லா பாம்பு வளர்ப்பா?”

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பூஜைப் பொருள் கடையின் கிடங்கில் அவருக்கு வேலை. முந்தின நாள், இந்தியாவிலிருந்து வைக்கோல் சுற்றி வந்த மண்பானைகளைப் பிரித்தபோது ஒன்றுக்குள் பாம்பு சுருண்டு கிடந்தது. வைக்கோலோடு அப்படியே வாளிக்குள் கவிழ்த்து மூடிவிட்டார். வெளியே தெரிந்தால் சரக்கு முழுவதையும் நிறுத்திவிடுவார்கள், அடித்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு என்றாராம் முதலாளி.

“அடிக்க மனசு வரல. காத்துக்குக் கற்பூரத்துல ஆணியச் சுட்டு ஓட்ட போட்டேன். இன்னும் நாப்பது பெட்டி பிரிக்காமக் கிடக்கு. நாளைக்கு ரெண்டு பேரு அதுக்குள்ள கைய விடப் போறாங்க. அதான் ஜோடியான்னு கேட்டேன்.”

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. போய் வைக்கோலை உதறிப் பார்த்தேன். மண்பானையில் ஒட்டியிருக்கும் செம்மண் தூள் உதிர்ந்தது.

“கடை பேர மட்டும் எழுதாதமா. இந்த வயசுல வேற எங்க போய் வேலை தேடுவேன்?”

“எழுதாம இருக்க முடியாதுக்கா.”

எழுதினேன். வனவிலங்கு அதிகாரிகள் அன்று மதியமே கிடங்குக்குப் போய் நாற்பது பெட்டிகளையும் பிரித்தார்கள். வேறு பாம்பு இல்லை. ஒரு பானையில் உரித்துப் போட்ட சட்டை மட்டும் கிடந்தது. முதலாளியோ, எனக்கு எதுவும் தெரியாது, அந்தம்மாதான் எங்கிருந்தோ கொண்டுவந்திருப்பார் என்றாராம். அந்தப் பெண் பாம்பு வளர்ப்பவராக இருக்குமா என்று அதிகாரி போனில் என்னிடம் கேட்டார். இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். “அப்படித் தெரியவில்லை” என்றேன். சட்டையும் செம்மண்ணும் அந்த அக்கா சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டதால் அவரை விட்டுவிட்டார்கள். ஆனாலும் என் பதிலில் இருந்த வழவழப்பு எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, படிவத்திலிருந்த எண்ணுக்கு அழைத்தேன்.

“இப்ப அங்க இல்லமா,” என்றார். “வேற இடம் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

மேசையிலிருந்த அவருடைய படிவத்தைப் புரட்டினேன். தாளின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“இப்பப் பேசுறதையும் எழுதி வைப்பீங்களா?”

“இல்லக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. “அது சாப்பிடுதா?” என்று கேட்டார்.

“நேத்துதான் ஒரு எலி எடுத்துச்சு.”

“சரிமா,” என்று போனை வைத்துவிட்டார்.