யூனியாவின் மீசை

கொட்டாங்குச்சிக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கும்போது எழும் வாசனை, சைதாப்பேட்டையில் எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை இன்றும் என் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். ஞாயிறு பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு அங்கேதான் வேடம் போடுவார்கள். இயேசுவின் தூதர்களான அப்போஸ்தலர் முதல் வரி தண்டும் ஆயக்காரர் வரை எல்லாருக்கும் அந்தக் கரிதான் மீசை.

என் அக்காவின் பெயர் யூனியா. வேதாகமத்தில் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், வாழ்த்துச் சொல்லும் நீண்ட வரிசையில், ஒரே ஒரு வசனத்தில் வந்து போகும் பெயர் அது. பவுலோடு சிறையில் இருந்தவர், அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர் என்பதற்கு மேல் அதிகம் தெரியாது. நாங்கள் "நைனா" என்று கூப்பிடும் அப்பாவுக்கு அந்த ஓசை பிடித்திருந்தது, வைத்துவிட்டார். அப்போஸ்தலர் என்றால் ஆண்தான் என்பது எங்கள் ஞாயிறு பள்ளியின் முடிவாக இருந்ததால், கூடப் படித்த பெண்கள் அக்காவை "யூனியா மாமா" என்றே அழைத்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குள் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று அவள் அழுதாள். "ஆண்டு விழா முடியட்டும்மா, மாத்திடலாம்" என்று அப்பா மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்.

பவுல் வாழ்த்தியவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வரும் அந்த வருஷ நாடகத்தில், பேருக்கேற்ற வேஷம் என்று சொல்லி, ஆசிரியர் சாமுவேல் அண்ணன் அக்காவுக்குத் தலைப்பாகையும் மீசையும் ஒதுக்கினார். வசனத்தைத் திரும்பத் திரும்பப் படித்த அக்கா ஒத்திகையில் கேட்டாள்:

"அண்ணே, யூனியா ஆம்பளன்னு எங்க போட்டுகீது?"

"அப்போஸ்தலருக்குள்னு கீதே, அப்புறம் இன்னா?"

"பெயர்பெற்றவர்கள்னுதானே கீது? நம்ம ஐயரம்மாவக்கூடத்தான் 'வந்தார்கள், போனார்கள்'னு அறிவிப்புல படிக்கிறீங்க. அவங்களுக்கு மீசையா கீது?"

ஐயரம்மா என்பது எங்கள் போதகரின் மனைவி. கொட்டகையே சிரித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒரு 'ர்கள்' விகுதிக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருக்கலாம் என்று நாங்கள் யாரும் அதுவரை நினைத்ததில்லை.

"வாய் ஜாஸ்தியாப் பூட்ச்சி உனக்கு. மீசை இல்லன்னா மேடையும் இல்ல" என்றார் சாமுவேல் அண்ணன்.

விழாவன்று அக்கா மீசையோடுதான் ஏறினாள். யூனியாவின் பெயர் வாசிக்கப்பட்டதும் முன்னால் வந்து, தலைப்பாகையை அவிழ்த்து, அதன் நுனியாலேயே மீசையைத் துடைத்தாள். எண்ணெய்க் கரி எளிதில் போகுமா? கன்னமெல்லாம் பரவியது. இரட்டைப் பின்னல் தோளில் விழ, கரி முகத்தோடு அவள் நின்றாள்.

முன் வரிசையிலிருந்து ஐயரம்மாவின் குரல் வந்தது: "நல்லாத் தொடைம்மா யூனியா, மொகம் தெரியட்டும்."

முதலில் கைதட்டியவர் சாமுவேல் அண்ணன்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா தயங்கித் தயங்கி, "அப்போ இன்னா பேரும்மா வைக்கலாம்?" என்று கேட்டார்.

"இதுவே இருக்கட்டும் நைனா."

முற்காலத்து உரைகாரர்கள் பலர் யூனியாவைப் பெண் என்றே கொண்டார்கள் என்பதையும், அவர் ஆணாக்கப்பட்டது பிற்பாடுதான் என்பதையும் வளர்ந்த பிறகே படித்தேன். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. மீசைகள் ஒட்டும் பசையோடு கடையிலிருந்து வருகின்றன.

போன வாரம் பாலவாக்கத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். பார்சல் கொண்டுவந்தவர் வாசலில் நின்று, "யூனியா சார் இருக்காரா?" என்றார்.

அக்கா கையை நீட்டினாள். "குடுப்பா, நான்தான். மீசைய அழிச்சு ரொம்ப நாளாச்சு."